கபூர் காக்காவின் படகு

நகைச்சுவைப் படமொன்றைப் பற்றி எழுதுவது சமுதாயப் பொறுப்புள்ள எழுத்தாளனுக்கு அழகன்று என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். அதுவும் பொலிஸ்காரர் ஆகப்போகும் இருவரைக் கதாநாயகராகக் கொண்ட படமென்றால் கேட்கவே வேண்டியதில்லை. கேளிக்கைச் சரக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். பொலிஸ்காரரின் வீரத்தைத் திரையிற் கண்டு கைதட்டும் பழக்கம் நமக்கும் இல்லை. ஆயினும் சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் நாம் முதன்முறையாகப் பார்த்த ஒரு மலையாளப் படம், சிரிக்க வைப்பதற்கென்றே எடுக்கப்பட்ட படம், இன்றுவரை நம் மனத்தை விட்டகல மறுக்கிறது. சிரித்தோம், வயிறு நோகச் சிரித்தோம். எதைக் கண்டு சிரித்தோம் என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

படத்தின் பெயர் 'நாடோடிக்காற்று'. மலையாளத்தார் 'காட்டு' என்று ஒலித்தாலும் அது நமது காற்றுத்தான். தமிழ் படித்தவர் எவருக்கும் அத்தலைப்பை மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை. 1987 நவம்பரில் வெளிவந்தது. சித்திக், லால் இருவரும் அமைத்த கதைக்கு ஸ்ரீனிவாசன் திரைக்கதை எழுதினார். சத்தியன் அந்திக்காடு இயக்கினார். தாசனாக மோகன்லாலும், விஜயனாகத் திரைக்கதையாசிரியர் ஸ்ரீனிவாசனும் நடித்தனர். அடுத்த ஆண்டே பாண்டியராஜனும் எஸ். வி. சேகரும் நடிக்க, 'கதாநாயகன்' என்னும் பெயரில் அது தமிழிலும் எடுக்கப்பட்டது. தாசனும் விஜயனும் முழுநேரத் துப்பறியும் பொலிஸாராகத் தோன்றும் 'பட்டணப்பிரவேசம்' 1988 இலும், 'அக்கரே அக்கரே அக்கரே' 1990 இலும் வந்தன.

படம் வெளிவந்தபோது நாம் பிறந்திருக்கவில்லை. பிறந்து வளர்ந்த காலத்திலும் நம் ஊர் வீடுகளில் ஓடியவை தமிழ்ப் படங்களே. ஆகவே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, கல்முனையில் நமது வீட்டு விறாந்தையில், பழைய மாணவர் மூவரோடு ஒரு மடிக்கணினியின் முன்னமர்ந்து அதனைப் பார்த்தோம். திரையின் அடியில் ஆங்கில எழுத்துக்கள் ஓடின. அரைமணி நேரத்துக்குப்பின் அவற்றை ஒருவரும் கவனிக்கவில்லை. மட்டக்களப்புத் தமிழில் வளர்ந்த காதுக்கு மலையாளம் அவ்வளவு அந்நியமன்று.

மாணவர் மூவருள் ஒருவன் பட்டம் முடித்து வீட்டிலிருப்பவன். இன்னொருவனின் உம்மா பதினொரு வருடம் குவைத்தில் வீட்டுவேலை செய்தவர். மூன்றாமவன் கட்டார் போவதற்குத் தரகர் ஒருவரிடம் முற்பணம் கட்டியிருப்பவன். தேடிப்பிடித்து அழைத்த மூவரல்லர். நம் ஊரில் எந்த மூன்று இளைஞரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாலும் கதை ஏறத்தாழ இவ்வாறுதான் இருக்கும்.

ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு மனிதரை ஒரே வழக்கிற் பூட்டிவிடும் இந்தச் 'சோடிப் பொலிஸ்' கதை உலகெங்கும் செல்வாக்குப் பெற்ற ஒன்று. அமெரிக்கர் இதனை நிறத்தின்மேற் கட்டினார்கள். 1967 இல் வந்த 'இன் தி ஹீட் ஒவ் தி நைட்' படத்தில் வடபுலத்துக் கறுப்பினத் துப்பறிவாளரும் தென்புலத்து வெள்ளைப் பொலிஸ் அதிகாரியும் ஒரு கொலையைத் துலக்குகின்றனர். 1987 இல், அதாவது நாடோடிக்காற்று வந்த அதே ஆண்டில், 'லீத்தல் வெப்பன்' அந்தச் சோடியை அடிதடிக்கும் வெடிச்சத்தத்துக்கும் உரியதாக்கிப் பெரும் பணம் ஈட்டியது. சமுதாயத்தை இரண்டாகப் பிளந்து நிற்கும் ஒரு புண், இரு மனிதரின் நட்பிலே இரண்டு மணி நேரத்தில் ஆறிவிடுகிறது. பார்த்தவர் நிம்மதியோடு வீடு திரும்புகிறார். இவ்வகைப் படங்களின் மாயம் அதுவே.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லத்தக்கது அகிரா குரோசாவா 1949 இல் எடுத்த 'தெருநாய்'. போரில் தோற்ற ஜப்பானின் தலைநகரில், கொளுத்தும் வெயிலில், ஓர் இளம் துப்பறிவாளனின் கைத்துப்பாக்கி பஸ்ஸில் திருடப்படுகிறது. மூத்த அதிகாரி ஒருவரோடு சேர்ந்து அவன் அதனைத் தேடுகிறான். துப்பாக்கி சென்று சேர்ந்தவனோ போரிலிருந்து திரும்பியபோது தன் முதுகுப்பை களவு போனவன். துப்பறிவாளனும் போரிலிருந்து திரும்பியவன். அவனது முதுகுப்பையும் களவு போயிருந்தது. ஒருவன் பொலிஸில் சேர்ந்தான், மற்றவன் கொலைஞனானான். பொலிஸ்காரனும் கள்வனும் ஒரே வேலையின்மையின் இரு பிள்ளைகள் என்பதை இத்தனை துலாம்பரமாகச் சொன்ன படம் பிறிதொன்றை நாம் கண்டதில்லை. நாடோடிக்காற்று அதே உண்மையைச் சிரித்துக்கொண்டு சொல்கிறது.

தாசன் வணிகவியலில் முதல் வகுப்பிற் தேறிய பட்டதாரி; ஒரு கம்பனியில் பியூன். விஜயன் பரீட்சையிற் தவறியவன். அதே கம்பனியில் பியூன். தன்னிலும் குறைந்த படிப்புடையோர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்க, தான் கோப்புத் தூக்கித் திரிவது தாசனுக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய பட்டம் அவனுக்குச் சோறு போடவில்லை. விஜயனை அதட்டும் உரிமையை மட்டும் அளித்திருக்கிறது. ஒரே அறையில் ஒரே வறுமையிற் கிடக்கும் இருவருள்ளும் மேல், கீழ் உண்டு. தாசன் தன் முதல் வகுப்பை நினைவூட்டும் போதெல்லாம் மாணவர் மூவரும் சிரித்தனர். பட்டதாரி மாணவன் எல்லாரிலும் உரக்கச் சிரித்தான். நாம் தமிழிற் சிறப்புப் பட்டம் பெற்று, நியமனக் கடிதத்துக்காகக் காத்திருந்த இரண்டு வருடங்களில், 'சேர்' என்று மரியாதையோடு அழைத்த அயலவர்களே நம் உம்மாவிடம் மெல்ல, "தம்பிக்கு இன்னும் ஒண்டும் சரிவரல்லியா?" என்று விசாரித்ததுண்டு. அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே கிடப்பதுதான் தாசனின் வாழ்வு.

இது கேரளத்து நோய் மட்டுமன்று. 2017 இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். 2020 இல் அரசாங்கம் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகளை ஒரேயடியாகப் பயிலுநராகச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டபின் அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று அலுவலகங்கள் தேடிக்கொண்டிருந்ததை நாம் கண்ணாற் கண்டோம். நாற்காலிகள் போதாமல் மரநிழலில் நின்ற பயிலுநர்களும் உண்டு.

வேலையிழந்த தாசனும் விஜயனும் வங்கிக் கடனில் இரண்டு பசுக்களை வாங்குகின்றனர். பசுக்கள் பால் கறப்பதில்லை. இந்தப் பகுதி படத்தில் நன்றாகவே சிரிப்பூட்டுகிறது. வேலையற்றோருக்கு எல்லா அரசாங்கங்களும் ஓதுகின்ற 'சுயதொழில்' என்னும் மந்திரத்துக்கு இதைவிட நல்ல பதவுரை வேண்டியதில்லை.

பசுக்களை விற்ற பணத்தோடு அவர்கள் போய்ச் சேரும் இடம் கபூரிடம். மாமுக்கோயா என்னும் கோழிக்கோட்டுக் கலைஞர் நடித்த பாத்திரம். அவர் திரையில் தோன்றும் நேரம் சில நிமிடங்கள்தான்; ஆனால் படம் முடிந்தபின் நம் விறாந்தையில் பேசப்பட்டதெல்லாம் அவரைப் பற்றியே. கபூரின் படகு கலிபோர்னியாவுக்குப் போகிறதாம். இவர்களுக்காக அதைத் துபாய்க் கரைப்பக்கம் சற்றே திருப்பிச் செலுத்தி இறக்கிவிடுவாராம். தேசப்படம் பார்த்த எந்தப் பிள்ளையும் சிரிக்கும். முதல் வகுப்புப் பட்டதாரியான தாசன் சிரிக்கவில்லை, நம்புகிறான். நம்புவதற்குக் காரணம் முட்டாள்தனமன்று. வேறு கதவுகள் யாவும் மூடிய பின் திறந்திருப்பது அந்த ஒன்றுதான். பணத்தை எண்ணிக் கொடுக்கும் இடத்தில் கட்டார் போகவிருப்பவன் மட்டும் சிரிக்கவில்லை என்பதை நாம் கவனித்தோம்.

கபூரின் படகு வெறுங் கற்பனையுமன்று. 1960களில் கேரளக் கரையிலிருந்து மரக்கலங்களிலும் லாஞ்சிகளிலும் கள்ளத்தனமாக அரபுக் கரைக்குச் சென்றோர் பலர். கொர்பக்கான் கரைக்கு அப்பால் இறக்கிவிடப்பட்டு நீந்திக் கரையேறியோர் உண்டு, கரையேறாதோரும் உண்டு. 2015 இல் சலீம் அகமது எடுத்த 'பத்தேமாரி' என்னும் படம், மம்முட்டியைக் கொண்டு, அந்த வரலாற்றைக் கண்ணீரோடு சொல்கிறது. ஒரே படகு, ஒரு படத்தில் நகைப்பு, மற்றதில் அழுகை. நகைப்பு முதலில் வந்தது என்பதுதான் கருதத்தக்கது. தம் நாட்டின் மிகப் பெரிய துயரத்தைக் கேரளத்தார் முதலிற் சிரித்தே தாங்கினார்கள் போலும்.

கபூர் இருவருக்கும் அரபு உடை அணிவிக்கிறார். இரவில் ஒரு கரையில் இறக்கிவிடுகிறார். துபாய் வந்துவிட்டோம் என்று நீண்ட வெள்ளை அங்கியும் தலைத்துணியுமாக நடக்கிறார்கள். பலகைகளில் அரபு எழுத்தைத் தேடும் கண்களுக்குத் தமிழ் எழுத்துத் தென்படுகிறது. அது மதராஸ். கடல் கடக்கக் கொடுத்த பணத்தில் தம் பக்கத்து மாநிலத்துக் கரைக்கே வந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நமது சிரிப்பு மலையாளத்தாரின் சிரிப்பிலிருந்து பிரிந்துவிட்டது. அவர்களுக்குத் தமிழ் எழுத்து ஏமாற்றத்தின் அடையாளம். நமக்கோ அது வீட்டு எழுத்து. அரபு உடையில் ஒருவர் தமிழ்ப் பலகையின் முன் நிற்பது அவர்களுக்கு விநோதம். கல்முனைப் பிரதான வீதியில் அது அன்றாடக் காட்சி. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிக் கிதாபுகள் செய்தனர். இன்றோ நாம் தமிழை நாவிலும் வளைகுடாவை உடையிலும் வைத்திருக்கிறோம். அந்த அங்கிகளும் அபாயாக்களும் மார்க்கப் பற்றினால் மட்டும் வந்தவையல்ல. அவற்றில் ஒரு பகுதி பயணப் பெட்டிகளில் வந்தவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உழைத்த இடத்து உடை உழைத்தவனோடு ஊருக்கு வருவது உலக வழக்கம். நாம் சொல்ல வருவது வேறு. தாசனும் விஜயனும் துபாய்க்குப் போகாமலே அரபு உடையைப் பெற்றனர். நம் ஊரில் உடையைக் கொண்டுவந்தவர் பலர் ஆண்களல்லர்.

படத்தில் இல்லாத மனிதர் அவரே, நம் ஊர்ப் பெண். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் இலங்கையிலிருந்து மத்திய கிழக்குக்குப் பயணம் பெருகிற்று. 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் அவ்வாறு சென்றோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். பெரும்பாலும் வீட்டுப் பணியாளர். நம் கரையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோர் கடன். தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இந்தத் தாய்வழி முறையை, அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே தமது 2008 ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்துள்ளார். அவருக்கு அது ஆராய்ச்சிப் பொருள். மூன்று பெண்பிள்ளை பெற்ற தாய்க்கு அது மூன்று வீடு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரையிற் கட்டியிருந்த வீடுகளைக் கொண்டுபோயிற்று; மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். நம் மாணவனின் உம்மா பதினொரு வருடம் குவைத்தில் நின்றது இரண்டு வீட்டுக்காக. இரண்டாவது வீட்டுக்கு இன்னும் சாந்து பூசவில்லை.

தாசன் முப்பது வயதிலும் தன் பட்டத்தை வைத்துச் சிரிக்கவைக்கலாம். நம் ஊர்த் தாசனுக்கு அந்த வசதி இல்லை. மூதூர்ப் பெண் ரிசானா நபீக்கை மறந்திருக்க மாட்டார்கள். 1988 இற் பிறந்தவளைக் கடவுச்சீட்டில் 1982 இற் பிறந்தவளாக்கி, 2005 இல், பதினேழு வயதில் சவூதிக்கு அனுப்பியவர்கள் இங்குள்ள கபூர்கள்தாம். அவள் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. மொழி தெரியாத நாட்டின் நீதிமன்றத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி தலை துண்டிக்கப்பட்டாள். ஆறு வயதைக் கூட்டிப் போட்ட பேனா எந்த மேசையில் இருந்தது என்பதைப் பற்றி அன்று கண்ணீர் விட்டவர் பலரும் அதிகம் பேசவில்லை.

படகும் ஓய்ந்துவிடவில்லை. 2022 நவம்பரில் கனடாவுக்கென்று புறப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையர், பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலில் படகு தத்தளிக்க, ஜப்பானியக் கப்பலொன்றால் மீட்கப்பட்டு வியட்நாமிற் கரையேற்றப்பட்டார்கள். கனடாவுக்குப் பணம் கட்டி வியட்நாமில் இறங்கினார்கள்! ஸ்ரீனிவாசன் எழுதியிருந்தால் மிகைப்படுத்திவிட்டார் என்று விமர்சகர் குறை சொல்லியிருப்பர். அதே ஆண்டில், நாடு வங்குரோத்தான நிலையில், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியகத்திற் பதிந்து முறைப்படியே வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர்.

படத்துக்குத் திரும்புவோம். மதராஸ் கரையில் பெட்டி மாறிவிடுகிறது. மாறிய பெட்டியில் போதைப்பொருள். நேர்மையாளரான இருவரும் அதனைப் பொலிஸிற் கொடுக்க, கடத்தற்காரர் தலைவன் அனந்தன் நம்பியார் இவர்களை இரகசியப் பொலிஸ் என்று நிச்சயித்துவிடுகிறான். அதன்பின் இவர்கள் செய்வதெல்லாம் அவனுக்கு வேவு. வேலை தேடித் தன் கம்பனிக்கே வந்து நிற்பது வேவு. கூலிக்குக் கொலை செய்யும் ஒருவனை ஏவுகிறான். அவன் கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறான். இந்தக் குழப்பத்தின் உட்பொருள் மிகக் கூர்மையானது. பட்டம் பெற்ற ஒருவன் பசியினால் மட்டுமே தெருவில் நிற்கக்கூடும் என்பது அந்தப் பணக்காரனுக்குத் தோன்றவே இல்லை. ஏழையைக் கண்டால் அவன் வேவுகாரனாக இருக்க வேண்டும், அல்லது கள்வனாக இருக்க வேண்டும். பசித்தவனாக மட்டும் இருக்க அவனுக்கு அனுமதியில்லை.

அடையாளத்தைப் பிழையாக வாசிப்பது நம் கரையில் நகைச்சுவைக்குரிய விடயமன்று. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதியின் தேவாலயத் தாக்குதல்களுக்குப் பின், 26 ஆம் திகதி இரவு, கல்முனைக்கு அடுத்த ஊரான சாய்ந்தமருதில், அந்தப் பாதகரின் குடும்பத்தார் பதுங்கியிருந்த வீடு குழந்தைகளோடு வெடித்துச் சிதறியது. அதன்பின் வீடு வீடாகச் சோதனை. அரபு எழுத்துள்ள கிதாபு அலுமாரியில் இருப்பதே அச்சத்துக்குக் காரணமாயிற்று. அடுத்த மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் தன் உடுப்பில் அச்சிட்டிருந்த சக்கரத்துக்காகக் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டாள். அது தர்மசக்கரம் என்றார்கள். உண்மையில் அது கப்பலைச் செலுத்தும் சுக்கான் சக்கரம். அனந்தன் நம்பியாரின் பிழை அவன் கூட்டத்தை அழித்தது. இந்தப் பிழைக்கு விலை கொடுத்தவளோ உடுப்பணிந்தவள்.

ஆகவே படத்தின் முடிவில், கடத்தற்காரர் பிடிபட, தாசனும் விஜயனும் தமிழ்நாட்டுப் பொலிஸில் உத்தியோகம் பெறும்போது, கேரளத்துத் திரையரங்குகளில் எழுந்திருக்கக்கூடிய ஆரவாரம் நம் விறாந்தையில் எழவில்லை. பட்டதாரி மாணவன், "கடைசில அரசாங்க வேலதான்!" என்றான். அவ்வளவே. ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வேலை கேட்டபோது கொடுக்காத அரசு, மாட்டுக்குக் கடன் கொடுத்த அரசு, அவன் பிறரை வேவு பார்க்கத் தகுந்தவன் என்று தற்செயலாக நிரூபணமானதும் அவனை அணைத்துக்கொள்கிறது. இது மிகையா? 2013 இல் நம் அரசாங்கம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு செல்லலாகாது என்று விதித்து, 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்றொன்றைக் கட்டாயமாக்கியது. பிரதேச செயலகங்களில் வீடு வீடாகச் சென்று அத்தகைய விபரம் திரட்டும் அபிவிருத்தி உத்தியோகத்தருள் பெரும்பாலோர் வேலையற்றிருந்து நியமனம் பெற்ற பட்டதாரிகளே. நம்மோடு ஒரே விரிவுரை மண்டபத்திலிருந்து சங்க இலக்கியம் கேட்டவர்கள் சிலர் இப்போது ஓர் உம்மாவின் வாசலில் நின்று, கைக்குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்கிறார்கள். அவர்கள்மேற் குற்றமில்லை, தாசன்மேலும் குற்றமில்லை. 2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்ததும் அந்த ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகளின் நலனும் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பார்த்தே நிர்ணயமாகிறது.

ஸ்ரீனிவாசனை நாம் முற்போக்கு முகாமிற் சேர்க்க முயலவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1989 இல், அதே இயக்குநருக்கு அவர் எழுதிய 'வரவேல்ப்பு' படத்தில், வளைகுடாவிலிருந்து திரும்பியவன் ஒரு பஸ் வாங்கி அழிகிறான். அந்த அழிவுக்குத் தொழிற்சங்கத்தை அவர் முக்கியப் பொறுப்பாளியாக்கிக் காட்டியது நமக்கு உடன்பாடன்று. ஆனால் வேலையற்ற மனிதனை அவர் அறிந்திருந்தார். வாடகை கொடுக்க இயலாத அறை, வெளுத்துப்போன ஒரே சட்டை, நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்ற அந்த இளிப்பு — இவற்றைப் பொய்யாக எழுத முடியாது. கொள்கை சரியாக இருந்தும் இந்த மனிதனை அறியாத கதைகள் நம் ஏடுகளில் நிறைய வருகின்றன.

நமது கருத்து வேறுபாடு ஒரே ஓர் இடத்தில்தான். பொலிஸ் கதை எப்போதும் பெட்டிக்குள் இருக்கும் பொருளைத் தேடுகிறது. போதைப்பொருள் பிடிபடுகிறது, கடத்தற்காரன் விலங்கோடு போகிறான். இருவரின் மாட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு இருட்டில் இறக்கிவிட்டவர் படத்தின் முதற் பாதியிலேயே மறைந்துவிடுகிறார். புதிதாய் உத்தியோகம் பெற்ற இரு பொலிஸாருக்கும் அவரைத் தேடவேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றவேண்டும் என்று பார்ப்போரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் சிரிப்பு மூட்டினார் அல்லவா? சிரிப்பு மூட்டியவனை மன்னித்துவிடுகிறோம். நம் ஊரிலும் பயணத் தரகர் இனிமையாகப் பேசுபவர். பள்ளிவாசல் முற்றத்தில் ஸலாம் சொல்பவர். கலியாணத்துக்கு அழைத்தால் வருபவர். மலையாளத்தார் 'கபூர்க்கா' என்று அழைப்பதும் நாம் 'காக்கா' என்று அழைப்பதும் ஒரே உறவைத்தான். மூத்த சகோதரன் என்ற அந்தச் சொல்லுக்குள் அவர் பத்திரமாக இருக்கிறார்.

படம் முடிந்து, தேநீர் வந்தபின், கட்டார் போகவிருப்பவன் கேட்டான்: "சேர், அந்தக் கபூர் காக்காவப் புடிக்கவே இல்லயா?"

அடுத்த படத்தில் அவர் திரும்ப வருகிறார், அங்கும் சிரிக்க வைக்கத்தான் வருகிறார் என்றோம்.

அவன் தலையாட்டினான். வியாழன் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறானாம், மெடிக்கலுக்கு. பாஸ்போட் யாரிடம் என்றோம். தரகரிடம் என்றான். அவர் பணியகத்திற் பதிந்த முகவரா என்றோம். பதிந்தவர் ஒருவரின் கீழ் வேலை செய்பவர் என்றான். எவ்வளவு கட்டினாய் என்று கேட்டதற்கு ஒரு தொகை சொன்னான். அது அவன் வாப்பாவின் தோணியின் விலை. கட்டியதற்கு ரசீது வாங்கினாயா என்றோம்.

"ஊர் ஆள்தானே, சேர்" என்றான்.